நாலு விநாடிக்கு ஒரு ரெக்கார்டு

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்கள் வீதியில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவர்களின் பையன் வாசலில் வந்து நின்றான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். முதுகில் லேப்டாப் பை, கழுத்தில் பெரிய ஹெட்போன்.

"ஏனுங் மாமா, உங்ககிட்ட பழைய ரெக்கார்டு நெறையா இருக்குதுன்னு அம்மா சொன்னாங்க. கொஞ்சம் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. 20 வயதுப் பையன் ஒருவன் இசைத்தட்டைத் தேடி என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு, 80-களின் தொடக்கத்தில் வந்த எல்பி ஒன்றை எடுத்தேன். பஞ்சால் ஒத்தி, பிளேயரில் வைத்தேன். பல்லவி தொடங்கி 10 விநாடி ஆகியிருக்காது. "மாமா, கொஞ்சம் தள்ளி வெக்கலாமுங்களா?" முள்ளைத் தூக்கி இரண்டாவது இடையிசையில் வைத்தேன். இன்னும் தள்ளி. இன்னும் கொஞ்சம். கடைசியில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக வந்தது. நாலு விநாடி இருக்கும். "இதுதானுங் மாமா!" மறுபடி அதையே கேட்டான். மறுபடியும். பாடினவர் யார், எழுதினவர் யார், என்ன படம், ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது தடவை முள்ளைத் தூக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இது கட்பீஸ் கடை இல்ல" என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் சுருங்கிப்போய், நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவன் போன பிறகு அதே தட்டை முதலிலிருந்து கேட்க உட்கார்ந்தேன். அந்த நாலு விநாடி வந்தது. 30 வருடமாக என்னிடம் இருக்கும் தட்டு அது. எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன், வரிக்கு வரி பாடுவேன். அந்த இடத்தை மட்டும் அதுவரை நான் கேட்டதே இல்லை. பாடகரின் குரல் எப்போது திரும்ப வரும் என்று காத்திருக்கும் நேரமாகத்தான் அது எனக்கு இருந்திருக்கிறது.

அதிலிருந்து சில மாதங்களாக இதே யோசனை. ரெக்கார்டு சேர்க்கிறவர்களுக்கும், அதில் துண்டு தேடி வருகிற ஹிப்ஹாப் பிள்ளைகளுக்கும் நடுவில் இருக்கும் பிணக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

திருப்பூர்க்காரரிடம் சாம்பிள் என்று சொன்னால், பையருக்கு அனுப்பும் மாதிரி பனியன் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஹிப்ஹாப் சாம்பிள், நான் கோபத்தில் சொன்ன கட்பீஸுக்குத்தான் கிட்ட வரும். வேறொருவர் நெய்து சாயம் போட்ட துணியில் ஒரு துண்டை வெட்டி, அதையே அடுக்கடுக்காகத் தைத்துப் புது உடுப்பு ஆக்குவது. இது ஆரம்பித்தது மெஷினில் இல்லை, ரெக்கார்டில்தான். ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்கு வந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர், 1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் தன் சகோதரி நடத்திய விருந்தில் ரெக்கார்டு போட்டார். ஆட வந்தவர்கள் பாட்டுக்காக ஆடவில்லை, பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கண்டுகொண்டவர் அவர். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, அந்த இடத்தை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். அவர்கள் அதை பிரேக் என்றார்கள். என் வீட்டில் பையன் ஆறு தடவை முள்ளைத் தூக்கச் சொன்னதும் அதற்காகத்தான்.

பிறகு மெஷின் வந்தது. 1987-இல் வந்த ஈமு எஸ்பி-1200 என்ற கருவியில் மொத்தம் 10 விநாடி ஒலியைத்தான் ஏற்ற முடியும். ஒரு பாட்டுக்கு வேண்டிய டிரம்ஸ், பேஸ், குழல் எல்லாம் அந்த 10 விநாடிக்குள் அடங்க வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 33 வேகத்து எல்பியை 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்துவிட்டு, கருவிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இடம் மிச்சம், ஒலியும் கரகரவென்று ஒரு புது நிறத்தில் வரும். பஞ்சு விலை ஏறினால் கழிவுப் பஞ்சை வைத்தே நூல் நூற்கக் கற்றுக்கொண்ட ஊர் நம்முடையது. இந்தச் சிக்கனம் நமக்குப் புரியாமல் போகாது.

சரி, சேர்க்கிறவர்களுக்கு ஏன் இவர்கள்மேல் இவ்வளவு எரிச்சல்?

நான் ரெக்கார்டு சேர்க்கத் தொடங்கியது 1993 வாக்கில். ஊரே கேசட்டுக்கு மாறியிருந்தது. கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் ஈபி ஒன்று 5 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் உண்மையான புதையல் இருந்தது மைக்செட்டுக்காரர்களிடம். கொங்குப் பக்கத்தில் கல்யாணம், சீர், காதுகுத்து, மாரியாத்தா நோம்பி என்று எது நடந்தாலும் அரசமரத்திலோ வேப்பமரத்திலோ குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு தட்டாக எடுத்துப் போட்டவர்கள். கூட்டம் எப்போது சாப்பிட உட்காரும், எப்போது மாப்பிள்ளை அழைப்பு, எப்போது எந்தப் பாட்டு என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. டிஜே என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே டிஜே இருந்தார்கள்.

கோபிப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்படி ஒருவரிடம் ஒரே பெட்டியாக 280 தட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால், ஒவ்வொரு தட்டின் நடு லேபிளிலும் வெள்ளைத்தாள் ஒட்டி, பேனாவால் ஒரு எண் மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தட்டு எது என்று ஒன்றும் தெரியவில்லை. திரும்பவும் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். "எண்ணுக்கு நேரா பேர எழுதி ஒரு நோட்டு வெச்சிருந்தனுங்க, கரையான் தின்னு போச்சு" என்றார். எதற்காக மறைத்தீர்கள் என்றேன். "பக்கத்தூர் செட்டுக்காரம் பையன் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருவானுங்க. கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் அலைஞ்சு தேடி வாங்கியாந்த பிளேட்டு. அவன் நாளைக்கே அதயப் போட்டான்னா அப்பறம் எனக்கு என்ன மருவாதி?"

பல வருடம் கழித்து, கூல் ஹெர்க் தன் ரெக்கார்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவார், போட்டிக்காரர்கள் என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, என்று படித்தபோது எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் வந்தது. ஒருவரையொருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு பேர், ஒரே காரணத்துக்காக ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். நான் அந்த வெள்ளைத்தாள்களைக் கெட்டிலின் ஆவியில் காட்டிக் காட்டி உரித்தேன். நாற்பது ஐம்பது தட்டுகளில் தாளோடு லேபிளும் வந்துவிட்டது. அவற்றில் சில என்ன படமென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த ஒளித்துவைக்கும் குணம் என்னிடமும் இருந்தது. எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால் பொதுவாக "ஈரோட்டுப் பக்கம்" என்பேன். ஈரோட்டுப் பக்கமாக இருக்காது. தேடி அலைந்தவனுக்கு அந்த அலைச்சல்தான் சொத்து. வெயிலில் தாராபுரம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்று, பூஞ்சை மணக்கும் பெட்டிகளைக் கிளறி, நூறு வசனத் தட்டுகளைத் தள்ளி ஒரு நல்ல தட்டை எடுத்தவனிடம், ஒரு பையன் வந்து நாலு விநாடியை மட்டும் வெட்டிக்கொண்டு போனால் மனசு வலிக்கத்தான் செய்யும். மேல்நாட்டில் இதற்கென்றே தனிச் சண்டை உண்டு. ஒரு பாட்டின் சாம்பிள் எங்கிருந்து வந்தது என்று வெளியே சொல்லிவிடுகிறவரைக் காட்டிக்கொடுப்பவர் என்றே திட்டுவார்கள். தயாரிப்பாளருக்கு வழக்கு வரும் என்ற பயம் ஒரு பக்கம், தொழில் ரகசியம் போகிறதே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம்.

விலையும் ஒரு காரணம். இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம், இளையராஜா 1977 முதல் 1983 வரை செய்த பாட்டுகளிலிருந்து எலெக்ட்ரானிக் வாசனை உள்ளவற்றைப் பொறுக்கி "சொல்ல சொல்ல" என்று ஒரு தொகுப்பு போட்டது. நெதர்லாந்தின் பாம்பே கனெக்‌ஷன் "ஃபயர் ஸ்டார்" என்ற பெயரில் 1985 முதல் 1989 வரையிலான தமிழ்ப் படப் பாட்டுகளைத் தொகுத்தது. அந்தத் தொகுப்புகளைக் கையில் பட்டியலாக வைத்துக்கொண்டு வெளியூர் வியாபாரிகள் நம் மைக்செட்டுக்காரர் வீடுகளுக்கு வந்தார்கள். நான் 10 ரூபாய்க்கு வாங்கிய தட்டை, ஒருவர் என் வீட்டுக்கே வந்து 2,000 ரூபாய்க்குக் கேட்டார். அவரிடம் அந்தத் தட்டை ஓட்டிக்காட்டக்கூட நேரமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் போகப் போகிற தட்டு அது, முள்ளே படாது. அவரைவிட என் வீதிப் பையன் எவ்வளவோ மேல் என்று இப்போது சொல்வேன். அவனாவது நாலு விநாடி கேட்டான்.

இதை இன்னும் மனசு விட்டுச் சொன்னால், அந்த வேட்டையின் ருசியை நானே கண்டவன். 2004-இல் பெங்களூரில் வேலை பார்த்த என் சித்தி மகன் ஊருக்கு வந்தபோது பிளாக் ஐட் பீஸ் குழுவின் "எலிஃபங்க்" சிடியைக் கொண்டுவந்தான். அதற்கு முந்தின வருடம் வந்த ஆல்பம். கடைசிப் பக்கமாக "எலிஃபங்க் தீம்" என்று ஒன்று ஓடியது. கேட்டுக்கொண்டே இருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது ராஜா. சந்தேகமே இல்லை, ராஜா. ஆனால் எந்தப் படம்? ஆட்டம் போடுகிற படங்களாகப் பார்த்து மூன்று வாரம் பெட்டி பெட்டியாகத் தேடினேன். கடைசியில் அது பக்திப் படத் தட்டுகளுக்கு நடுவில் இருந்தது. 1985-இல் வந்த "ஸ்ரீ ராகவேந்திரர்", ரஜினிகாந்தின் 100-ஆவது படம், எஸ்.பி.முத்துராமன் இயக்கியது. ஒரு மகானின் கதைக்குள் இருந்து லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் அந்தத் துள்ளலை எப்படித் தோண்டி எடுத்தார்கள் என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. படத்தின் பெயரும் அட்டையும் மொழியும் தெரியாததால்தான் அவர்களுக்கு அது கேட்டிருக்கிறது. சாமி படம் என்று நான் அடியில் போட்டுவைத்திருந்தேன்.

அதேபோல லண்டனில் பிறந்த ஈழத் தமிழ்ப்பெண் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்தவர், 2007-இல் வந்த "கலா" ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே "தளபதி"யின் காட்டுக்குயிலை எடுத்து வைத்தார். அந்தப் படம் 1991-இல் வந்தது. யேசுதாஸும் எஸ்.பி.பி.யும் சேர்ந்து பாடிய பாட்டு. ஆல்பத்தின் பெயர் எம்.ஐ.ஏ.வின் தாயாரின் பெயர். அதே ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உருமி வாசிப்பவர்களை வைத்து நேரடியாகவும் பதிந்துகொண்டு போனார். நம் ஊர் நோம்பிகளில் பம்பையும் உருமியும் ஜமாப்பும் முழங்கும்போது நின்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, "பேர்ட் ஃப்ளூ" என்ற அவருடைய பாட்டின் தாளம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். தமிழ் ரசிகர்களுக்கு மூலம் தேடுவது புதிதில்லை. "இந்த டியூன் அந்த இங்கிலீஷ் பாட்டுல சுட்டது" என்று டீக்கடைகளில் இரண்டு தலைமுறையாகப் பேசி வருகிறோம். அது ஒரு வேட்டைதான், ஆனால் அதில் கண்டுபிடித்தவுடன் கை குற்றவாளியைக் காட்டும். பின்னால் வந்தவரைச் சிறுமைப்படுத்துவதில் போய் முடியும். சாம்பிள் தேடுகிறவனின் சந்தோஷம் வேறு. அவன் மூலத்தைக் கண்டுபிடித்ததும் முன்னால் இருந்தவரைப் பார்த்து வாய் பிளக்கிறான். 1985-இல் இதைச் செய்தார்களா என்று கேட்கிறான். டியூனைத் தழுவும்போது முதலில் வாசித்த ஆளின் கை தேவையில்லை, யாரை வைத்தும் திரும்ப வாசித்துக்கொள்ளலாம். சாம்பிளில் அந்த மனிதர் அந்த நாளில் அந்த அறையில் அடித்த அடியே வேண்டும். டிரம்ஸின் தோல் எவ்வளவு இறுகியிருந்தது, மைக் எவ்வளவு தள்ளி இருந்தது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சேர்க்கிறவர்கள், வெட்டுகிறவர்கள் இரண்டு பேருமே அதைக் கேட்பதில்லை. வாசித்தது யார்?

என்னிடம் இருக்கும் தமிழ்த் தட்டுகளின் அட்டையில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்கள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். அந்த நாலு விநாடியை வாசித்தவர் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ, எதை எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ராஜாவிடம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், பேஸ் கிட்டார் சசிதரன், கிட்டார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல், வயலின் வி.எஸ்.நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன் என்கிற அருண்மொழி. அதற்கு முன்னால் எம்.எஸ்.வி.யிடம் டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட், அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி. இவர்கள் பெயர்களெல்லாம் நமக்கு மேடைகளிலும் பேட்டிகளிலும் தெரிந்தவை, அட்டையில் தெரிந்தவை இல்லை. "சர்வர் சுந்தர"த்தில் அவளுக்கென்ன பாட்டின் காட்சியில் எம்.எஸ்.வி.யும் இசைக்குழுவும் திரையிலேயே தெரிவார்கள். 1964-இல் வந்த அந்த ஒரு காட்சியை வாத்தியக்காரர்களுக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், வாசித்தவர்களுக்கு வேறெங்கும் முகம் கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அமெரிக்காவிலும் இதே வலி உண்டு. தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969-இல் பதிந்த "ஆமென், பிரதர்" பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஆறேழு விநாடி டிரம்ஸ், உலகத்தில் மிக அதிகமாகச் சாம்பிள் செய்யப்பட்ட துண்டுகளில் ஒன்று. அதற்காக அவருக்கு ஒரு காசு வரவில்லை. 2006-இல் வீடில்லாதவராக இறந்துபோனார். அந்தத் துண்டை வெட்டி ஒட்டியவர்கள் கோடிகள் பார்த்தார்கள். இதை நினைத்தால் எனக்கு வெட்டுகிறவர்கள்மேல் இருக்கும் கோபம் திரும்ப வந்துவிடும்.

வழக்கு என்று போனால்கூட அது வாசித்தவர்வரை போவதில்லை. 2002-இல் ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய "அடிக்டிவ்" பாட்டுக்குள், "ஜோதி" என்ற 1981-ஆம் வருடத்து இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடியதை டிஜே குயிக் அப்படியே வைத்திருந்தார். இசையமைத்த பப்பி லஹிரி வழக்குப் போட்டார். அவர் பெயரைப் போடாமல் ஆல்பத்தை விற்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் தடை போட்டது. பெயர் போடு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் அந்தப் பாட்டில் வரும் தபலா யாருடையது என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. நிறுவனங்கள் போடும் வழக்குகளில் பேச்சு முழுவதும் ஒப்பந்தத்தைப் பற்றித்தான். "ஆராதனா" படப் பாட்டின் துண்டு ஒன்றை டிம்பலேண்ட் எடுத்ததற்காக சரிகம நிறுவனம் போட்ட வழக்கு, 1967-இல் தயாரிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தின் வரிகளைப் பிரித்துப் படித்து, நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று 2011-இல் முடிந்தது.

பெயர் மறைந்துபோவதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டில் இருந்தது சென்ட்ரல் ஸ்டுடியோ. ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கே படம் எடுத்த காலத்தில் எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையமைப்பாளர். அவரிடம் எடுபிடி வேலை பார்த்த பையன்தான் எம்.எஸ்.விஸ்வநாதன். ஒருநாள் "அபிமன்யு" படத்துக்கான பாட்டுக்கு டியூன் சரியாக அமையாமல் போக, பையன் தனியாக ஆர்மோனியத்தில் வாசித்த மெட்டு நாயுடுவின் காதில் விழுந்தது. அதையே வைத்துக்கொண்டார். எடுபிடிப் பையன் போட்டது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தன் பெயரிலேயே விட்டார். படம் 1948-இல் வந்தது. பிறகு ஜூபிடர் கோயமுத்தூரை விட்டுச் சென்னைக்குப் போகும்போது, அந்த மெட்டு இவனுடையது, இவனைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று முதலாளி சோமுவிடம் நாயுடுவே சொல்லி அனுப்பினார் என்று சொல்வார்கள். எம்.எஸ்.வி. அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. நான் தினமும் வேலைக்குப் போகும் ரோட்டில் நடந்த கதை இது. வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் நம் பக்கத்துக் கதைதான். வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் சாமி கதையை டேப்பில் பதிந்தார். பல இரவுகள் நீண்ட பதிவு. பாடியவர் ராமசாமி என்ற பெயர் அவர் புத்தகத்தில் நிற்கிறது. ஒரு கிராமத்துப் பாடகருக்குக் கிடைத்த அந்த மரியாதை, அதே வருடம் சென்னை ஸ்டுடியோக்களில் வாசித்த நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஹிப்ஹாப் தமிழுக்கு வந்தபோது முன்னோர் பாட்டைக் கையோடு கொண்டுதான் வந்தது. மலேசியாவின் யோகி பி குழு 2006-இல் "வல்லவன்" ஆல்பத்தில் "நிழல்கள்" படத்தின் மடை திறந்து பாட்டை எடுத்துச் செய்ததைக் கேட்டு, இங்கே எத்தனையோ பிள்ளைகள் ராப் எழுதத் தொடங்கினார்கள். நம் கோயமுத்தூர்ப் பையன் ஆதி, சத்தியமங்கலத்தில் இன்ஜினியரிங் படித்தவர், 2012-இல் "ஹிப்ஹாப் தமிழன்" ஆல்பம் போட்டார். அதன் பிறகு இந்த ஊரில் லேப்டாப்பில் பீட் செய்யாத வீதி இல்லை என்றே சொல்லலாம். என் வீதிப் பையனும் அந்த வழியில் வந்தவன்தான். அவனைக் கட்பீஸ்காரன் என்று சொல்லி அனுப்பியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் கழித்து நானே அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். எந்தத் துண்டை எடுத்தாலும், முதலில் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும். அப்புறம், வாசித்தது யார் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேட வேண்டும். "சரிங் மாமா. ஆனா எப்படிங் மாமா தேடறது? அட்டையில ஒண்ணுமே இல்லயே?" என்றான்.

அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கணபதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். 70-களிலிருந்து நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். சினிமாவில் வாசித்ததில்லை. ஆனால் மேடையில் அச்சு அசலாக வாசிக்க வேண்டுமே என்று ஒவ்வொரு ரெக்கார்டையும் மைக்செட்டுக்காரரிடம் கெஞ்சி வாங்கி, முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்துக் கற்றுக்கொண்டவர். என் வீதிப் பையன் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். நான் 50 வருடம் தாமதமாகக் கோபப்பட்டிருக்கிறேன்.

போன மாதம் இரண்டு பேரும் போனோம். பெரியவருக்கு இடது காது மந்தம். பையன் தன் பெரிய ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டு, அந்த நாலு விநாடியைச் சுழற்சியாக ஓட்டினான். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டில் சட்டத்தில் விரல் தட்டத் தொடங்கியது. இரண்டு சுற்று சரியாக வந்தது. மூன்றாவது சுற்றில் நிறுத்திவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னமோ நொண்டுது கண்ணு."

பையன் லேப்டாப் திரையில் அலைகளைக் காட்டி, வெட்டு மிகச் சரியாக இருக்கிறது என்று விளக்கினான். பெரியவர் திரையைப் பார்க்கவில்லை.

"முன்னாடி ஒரு எடுப்பு இருக்குமே. வலது கை விழுகறதுக்கு முன்னாடி, இடது கையில ஒரு சின்னத் தட்டு. அதுலதான் அந்த ஆளு உள்ள வர்றாரு. அதய ஏன் வெட்டுன?"

வாசித்தது யாராக இருக்கும் என்று கேட்டேன். அவருக்கு இரண்டு பேர்மேல் ஊகம் இருந்தது. தட்டை நேரில் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றார். "ஹெட்போன்ல வேண்டாம். பிளேட்டக் கொண்டாங்க. பாட்டு ஆரம்பத்துல இருந்து போடுங்க."

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டில் முள்ளை எப்போதும் வைப்பதைவிட ஒரு மயிரிழை முன்னால் வைத்தோம். வயலின்கள் ஓய்கிற ஓசைக்குள், கிட்டத்தட்டக் கேட்காத அளவுக்கு, அந்தத் தட்டு இருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, முதலிலிருந்து போடச் சொன்னான். வரும் ஞாயிற்றுக்கிழமை, பெரியவரை என் வீட்டுக்கு அழைத்து வர ஆட்டோ பேசியிருக்கிறோம்.